தொக்கு நிற்கும் எடுகோள்: மீரியபெத்தை குறித்த ஒரு வாதம்

‘தயிர்க்குடம்’ என்னுந் தொடரில் ‘ஐ’ உருபும் ‘உடைய’ என்னும் பயனும் தொக்கு நிற்கின்றன. கேட்போன் அவற்றை விரித்தே பொருள் கொள்கிறான். அன்றாட வாதங்களிலும் இத்தகைய தொகை உண்டு. மனிதர் நடத்தையைக் காட்டி அவர்தம் மனத்தை முடிவுசெய்யும் சிறு வாதங்களில், முடிவைத் தாங்கும் எடுகோள் பெரும்பாலும் சொல்லப்படுவதேயில்லை.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் ஏற்பட்ட மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அதன்பின் எழுந்த வாதம் இது: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது, மக்கள் பெயரவில்லை, ஆகவே அவர்கள் ஆபத்தைப் பொருட்படுத்தவில்லை. முதலிரு கூற்றுகளையும் ஏற்றுக்கொள்வோம். முடிவு பெறப்படுமா?

எடுகோளைக் கண்டறியும் வழி, அதனை மறுத்துப் பார்ப்பதே. ‘பெயர்ந்து சென்று குடியிருக்க அவர்க்கு வேறிடம் இருந்தது’ என்பதை மறுப்போமாயின் வாதம் நிலைகுலைகிறது. போக இடமற்றவன் இருந்த இடத்திலேயே இருந்தமை அலட்சியத்துக்குச் சான்றாகாது. எச்சரிக்கை அவர்களை எட்டியது என்பதும் அவ்வாறே. ஆனால் ‘தோட்ட மக்கள் விதியை நம்புவோர்’ என்பது வேறுவகை. அது உண்மையாயின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும். பொய்யாயினும் வாதம் வீழ்ந்துவிடாது. நம்மவருள் நல்லெண்ணங் கொண்ட பலர் இப்பழியை மறுப்பதிலேயே முழு ஆற்றலையுஞ் செலவிட்டு, வாதத்தின் அத்திவாரத்தைத் தொடாது விடுகின்றனர்.

வேறிடம் இருந்ததா என்பது உளவியல் வினா அன்று; உடைமை பற்றிய வினா. லயம் தோட்டத்துக்குரியது. அதிற் குடியிருக்கும் உரிமை உழைப்போடு பிணைக்கப்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த அறைக்குக்கூடத் தொழிலாளியிடம் உறுதிப்பத்திரம் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இம்மாற்றங்களால் லயத்தில் வாழ்ந்தோர் வீட்டுக்கு உரியவராகிவிடவில்லை. காணியும் வீடும் உடையவன் தன் நிலையையே மனித இயல்பெனக் கொள்ளும்போதுதான் ‘ஏன் போகவில்லை?’ என்ற வினா இயல்பானதாகத் தோன்றுகிறது. பசறையிலோ மடுல்சீமையிலோ பள்ளியை இடையில் விட்ட பிள்ளையின் பெற்றோருக்குக் ‘கல்வியில் நாட்டமில்லை’ என்போரும், நடந்து செல்லுந் தூரத்தில் மேல்வகுப்புப் பள்ளி உண்டென எடுத்துக்கொண்டே பேசுகின்றனர்.

ஒன்று மனங்கொள்ளத்தக்கது. எடுகோள் பொய்த்தால் வாதம் வீழும். முடிவு பொய்யென்று அதனால் நிறுவப்பட்டதாகாது. மீரியபெத்தையில் ஆபத்தைச் சிறிதாக எண்ணியவரும் இருந்திருக்கலாம். அவர் அங்கேயே இருந்தார் என்பதைக் கொண்டு மட்டும் அதனை அறிய முடியாது.