பெட்டியுணவும் பசுங்கீரையும்

கொழும்பு மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களையில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நேர்ந்திருக்கும் மாற்றம் சாமானியமானதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காலையிலேயே சந்தைக்குக் கீரைக்கட்டுகள் வந்திறங்கிவிடுகின்றன. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கையிலை, அகத்தி என்று பெயரைச் சொன்னாலே நாவூறும். ஆயினும் கடைக்குச் சென்று திரும்பும் நம்மவரின் பைகளைப் பார்த்தால், அடியிலே ஒரு கீரைக்கட்டு நசுங்கிக் கிடக்க, அதன்மேல் நூடில்ஸ் பைகளும், சொசேஜ் பெட்டியும், கிறீம் பிஸ்கற்றும், வர்ணச் சோடாப் போத்தலும் வீற்றிருக்கக் காண்கின்றோம்.

இதற்காக இல்லத்தரசிகளை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகாது. கணவனும் மனைவியும் உத்தியோகத்துக்குச் செல்லும் வீட்டில், மாடிக் குடியிருப்பின் சிறிய அடுக்களையில், காலை ஆறரை மணிக்குள் பிள்ளைகளுக்குப் பொதி கட்டிக் கொடுப்பதென்றால் இலேசான காரியமா? மாலையானதும், களைத்து வந்து அமருமுன்னரே, பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு 'சூன் பாண்' முச்சக்கர வண்டி ஒழுங்கை வாசலில் வந்து நின்றுவிடுகிறது. பணிஸ் விற்பதற்கென்று அந்த ஜெர்மானிய மேதை அதனை இயற்றியிருக்க மாட்டார்!

கோதுமை நம் மண்ணில் விளையும் தானியமன்று. 1942 ஆம் ஆண்டிலே யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டுக் காலத்தில் கோதுமை மா நம் வீடுகளிற் செல்வாக்குப் பெற்றது. 1977 இன் பின்னர் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. 1980 இல் திருகோணமலையிலே பெரிய மாவாலையும் இயங்கத் தொடங்கியது. பஞ்சத்துக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான். பின்னால் வந்தவையே பெட்டியுணவுகள்.

இவற்றுக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், வளர்ந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுடையவராகக் காணப்பட்டனர். கிராமத்தவரிலும் நகரத்தவரிடையே இந்நோய் ஏறத்தாழ இருமடங்கு மிகுந்திருந்தது. நோயுற்றவர்களில் மூன்றிலொரு பங்கினர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்பதுதான் எம்மைக் கலங்கச் செய்கின்றது. நீரிழிவுக்கு உணவொன்றே காரணமன்று. பரம்பரையும், உடலுழைப்பின்மையும் உண்டு. ஆனால் பரம்பரையை நாம் மாற்ற முடியாது. தட்டிலிருப்பதை மாற்றலாம்.

உணவைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்குவதால் வரும் கேட்டை உலகம் உணர்ந்துகொண்ட வரலாற்றிலே தமிழருக்கும் ஓர் இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் கொடுநோய் பரவியது. ஆலையிலே தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் அணுகவில்லை. 1905 ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்னும் வைத்தியர் நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு வெள்ளரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசி உண்டோரிற் பலரை நோய் பற்றியது, உயிரிழந்தோரும் உண்டு. மற்றப் பகுதியாரை அது ஏறத்தாழத் தீண்டவேயில்லை. நெல்லை உமியோடு அவிக்கையில், தவிட்டிலுள்ள விற்றமின் 'பி' அரிசியினுள்ளே இறங்கிவிடுகின்றது என்னும் உண்மை பின்னரே தெளிவாயிற்று. நம் பாட்டிமார் விற்றமினைக் கண்டவரல்லர். நெல்லவிக்கும் பக்குவம் அவர்கள் கையில் இருந்தது.

பக்குவப்படுத்திய உணவெல்லாம் தீயது என்று நாம் கூறவரவில்லை. மோர் மிளகாயும், வற்றலும், ஒடியலும், தயிரும் பக்குவப்படுத்தியவையே. பிறேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொந்தேரோ 2009 ஆம் ஆண்டில் வகுத்த பாகுபாடு இங்கே நமக்குத் துணை செய்கின்றது. வீட்டு அடுக்களையில் ஒருபோதும் காணப்படாத நிறமூட்டி, மணமூட்டி, பதமூட்டி முதலியன சேர்த்துத் தொழிற்சாலையில் ஆக்கப்படுவனவற்றை அவர் தனி வகையாகப் பிரித்தார். 2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்பவரும் அவர் குழுவினரும் இருபது பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் இத்தகைய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தனர். பரிமாறப்பட்ட சீனி, கொழுப்பு, உப்பு, நார் முதலியன இரண்டிலும் சமமே; வேண்டியமட்டும் உண்ணலாம். தொழிற்சாலை உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி மிகுதியாக உண்டு, இரண்டே வாரத்தில் சுமார் ஒரு கிலோ எடை கூடினர். இயல்பான உணவில் அதேயளவு குறைந்தனர். பிள்ளை 'இன்னும் வேண்டும்' என்று கேட்பது அதன் பேராசையால் மட்டுமன்று போலும்.

சொசேஜ் முதலிய பதனிட்ட இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015 இல் அதனைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதற்பிரிவிற் சேர்த்துவிட்டது.

சோடாவைப் பற்றியோ சற்று விரித்துக் கூறவேண்டும். 2016 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களின்மேல் நிறக்குறி இடப்பட்டு வருகின்றது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். அதற்குக் குறைந்தால் பச்சை. மஞ்சளைக் கண்டதும் 'பாதகமில்லை' என்று வாங்கிவிடுகிறோம். கணக்கைப் பார்ப்போம். நூறு மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானம் மஞ்சட்குறிதான் பெறும். அதில் 400 மில்லிலீற்றர் பருகினால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிச் சீனி! வளர்ந்த ஒருவர் நாள் முழுவதிலும் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குட்படவேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தார் 2015 இல் விடுத்த அறிவுரை. நிறத்தைப் பார்ப்பது நல்லதே, எண்ணையும் பார்க்கவேண்டும்.

அப்படியானால் பழச்சாறு பருகலாமே என்பர். பருகலாம், ஆனால் இங்கும் ஒரு நுட்பமுண்டு. தோடம்பழத்தைச் சுளையாக உண்டால் ஒன்றோ இரண்டோ போதும். சாறாக்கினால் நான்கு பழம் ஒரு குவளைக்குள் அடங்கிவிடும். நார் வடிகட்டியோடு போய்விடும். பழத்தின் சீனி மட்டும் விரைந்து இரத்தத்திற் கலக்கும். இதனாலேயே பழச்சாற்றிலுள்ள சீனியையும் மேற்கூறிய கணக்கிலே சேர்த்திருக்கின்றனர். ஆகவே பழத்தைப் பழமாக உண்க. சாறு வேண்டுமாயின் சீனி சேராது, வடிகட்டாது, சிறு குவளையளவிற் பருகுக. தேசிக்காயும் உப்பும் நீரும், நீர்மோர், வெள்ளரிப்பிஞ்சும் இஞ்சியும் சேர்த்தடித்த சாறு ஆகியவை கொழும்பு வெயிலுக்கு மிகப் பொருத்தமானவை.

'பச்சைச் சாறு எதுவாயினும் மருந்தே' என்று நம்பும் அன்பர்களுக்கு எச்சரிக்கையொன்று கூறியே ஆகவேண்டும். குறுக்கே வெட்டினால் விண்மீன் போலத் தோன்றும் காமரங்காயையும், அதன் இனத்ததாகிய பிலிங்காயையும் சாறு பிழிந்து வெறுவயிற்றிற் பருகினால் நீரிழிவும் கொழுப்பும் தணியும் என்றொரு பேச்சு உலவுகின்றது. இவற்றிலே ஒட்சாலிக் அமிலம் மிகுதி. அது சிறுநீரகத்திற் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். கேரளத்தில் பிலிங்காய்ச் சாறு பருகிச் சிறுநீரகம் பழுதுற்ற பத்துப் பேரைப் பற்றி 2013 இல் வைத்தியர்கள் எழுதினர்; அவர்களில் எழுவருக்கு இயந்திரங் கொண்டு இரத்தத்தைச் சுத்திகரிக்க நேர்ந்தது. இலங்கையிலும் காமரங்காய்ச் சாற்றால் இவ்வாறு நேர்ந்ததுண்டு. சிறுநீரக நோயுள்ளோர் இளநீரைக்கூட வைத்தியரைக் கேட்டே பருகவேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உண்போர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுதல் ஆகாது.

'மரக்கறி விற்கும் விலையில் இதெல்லாம் நடக்குமா?' என்று கொட்டாஞ்சேனைத் தாய்மார் கேட்பது எமக்குக் கேட்கின்றது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அந்த அடியிலிருந்து நாட்கூலிக் குடும்பங்கள் எழுவது எளிதன்று. நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் என்று நூல்களில் எழுதிவிடலாம். ஆனால் கரட்டும் லீக்சும் கோவாவுமே மரக்கறி என்றெண்ணுவதும் ஒரு பிழை. மலைநாட்டு மரக்கறியின் விலை மழைக்கும் மண்சரிவுக்கும் ஏற்ப ஏறியிறங்கும். வல்லாரையும், முருங்கையிலையும், வாழைப்பூவும், பூசணியும், பப்பாளியும் பெரும்பாலும் அவ்வளவு ஆட்டங்காட்டுவதில்லை. ஒரு சோடாப் போத்தலைக் கைவிட்டால் கீரைக்கு வழி பிறந்துவிடும்.

சிங்கள நண்பர்கள் 'கொலகெந்த' என்று காலையில் விரும்பிப் பருகும் இலைக்கஞ்சி நமக்கும் புதியதன்று. முசுட்டை, முடக்கொத்தான் கஞ்சிகளை நம் ஊர்களும் அறியும். சிவப்புப் பச்சையரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து, உள்ளி இரண்டு பல்லும் சிறு துண்டு இஞ்சியும் சேர்த்து, நிறைய நீர்விட்டுக் குழைய அவிக்கவேண்டும். வல்லாரையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி அரைத்துச் சாறெடுத்து வைக்கவேண்டும். கஞ்சியிலே உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு, ஒரு கொதி வந்ததும் இலைச்சாற்றை ஊற்றி உடனே இறக்கிவிடுக. நெடுநேரம் கொதித்தால் பச்சை நிறமும் போம். விற்றமின் 'சி'யும் போம். தேங்காய்ப்பாலிலுள்ள கொழுப்பு, இலையிலுள்ள கரோட்டீனை உடல் ஏற்கத் துணைபுரியும். பனங்கட்டி கடித்துக் குடிப்பதில் ஒரு சுகமுண்டு. ஆனால் அதுவும் சீனியே, ஆகவே சிறு துண்டு. கீரையுண்ட கையோடு தேநீர் குடிப்பது மட்டும் வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கும். மாறாக வல்லாரைச் சம்பலிலே தேசிக்காய் பிழிந்துகொண்டால் அச்சத்து நன்கு சேரும். சோகை பிடித்த இளம்பெண்கள் இதனைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

வெள்ளவத்தை அறைகளிலே தங்கிப் படிக்கும் மாணவர்க்கு அடுப்பேது, அம்மியேது? இரவில் ஒரு கைப்பிடி பயற்றை நீரில் ஊறவைத்து, மறுநாள் வடித்து ஈரத்துணியிற் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாட்காலை முளை விட்டிருக்கும். கேத்திலிற் கொதித்த நீரை அதன்மேல் ஊற்றிச் சில நிமிடம் மூடிவைத்து வடித்தபின், வெங்காயமும் தக்காளியும் அரிந்து சேர்த்துத் தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம். கூட ஒரு வாழைப்பழம் இருந்தால், காலை வகுப்பு முடியும்வரை றோல்ஸ் கடைப் பக்கம் கால் போகாது.