பக்கத்தில்தானே என்று கிளம்பிய பயணம்

காலை நிகழ்ச்சியில் இரண்டு பாடல்களுக்கு நடுவே சாலை நிலவரம் சொல்வதும் என் வேலை. "கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து, நெரிசல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டுவிடுவேன். அந்நேரம் உணவு விநியோகம் செய்யும் என் தம்பியும் ஏதோ ஒரு சாலையில் கப்சாய் ஓட்டிக்கொண்டிருப்பான். வண்டியும் பாட்டும் இருந்தால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் டி. இ. லாரன்ஸ் நினைவுக்கு வருவார். ஊடகத்துறை மாணவியாக, 1962-இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தைப் பார்த்தேன். பாலைவனத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால், படம் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடங்கியது.

முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கேற்ற பிரிட்டிஷ் அதிகாரி அவர். போருக்குப் பின் புகழ் துரத்தியது. அவரோ 1922-இல் வேறொரு பெயரில் விமானப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தார்.

பதவி வேண்டாம் என்றவர் வண்டியை மட்டும் விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்தார். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியவை அவற்றில் இருந்தன. 'இடிமுழக்க மக்கள்' என்று பொருள்படும் 'பொவனெர்கேஸ்' என்ற பைபிள் பெயரை அவற்றுக்குச் சூட்டினார்.

இன்னொரு காதல் இசை. இங்கிலாந்தின் டோர்செட்டில், மின்சாரம் இல்லாத 'கிளவுட்ஸ் ஹில்' என்ற சின்ன வீட்டில் கிராமபோன் வைத்திருந்தார். பீத்தோவன், மொசார்ட் இசைத்தட்டுகளைக் கேட்கச் சக வீரர்களும் வந்து உட்கார்வார்கள்.

1935 பிப்ரவரி இறுதியில் பணி ஓய்வு. மே 13 அன்று பக்கத்து முகாமின் அஞ்சலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். வழியில் சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியவர், தூக்கி எறியப்பட்டார். தலைக்கவசம் இல்லை. ஆறு நாள் கழித்து, 46 வயதில் இறந்தார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. மலேசியாவில் 1973-இல் சட்டம் வந்தது. ஆனாலும், இங்கே சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

சென்ற வாரம் ரொட்டி வாங்கக் கிளம்பிய தம்பியின் தலைக்கவசத்தில் வார் தொங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்துக் கடைக்குத்தானேக்கா" என்றான். லாரன்ஸும் பக்கத்து அஞ்சலகத்துக்குத்தான் போனார் என்று கதையைச் சொன்னேன். பதில் பேசவில்லை. "அந்த வண்டி இப்ப என்ன விலை இருக்கும்?" என்று மட்டும் கேட்டான். வாரை மாட்டிக்கொண்டுதான் கேட்டான்.

இப்போதெல்லாம் சாலை நிலவரம் சொன்ன பிறகு உடனே பாட்டுக்குப் போவதில்லை. "வாரை மாட்டிட்டீங்களா?" என்று நேயர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுகிறேன். எங்கோ ஒரு கப்சாயில் அவனும் கேட்டுக்கொண்டிருப்பான்.