கடலைப் புண்ணாக்கைப் பானமாக்கலாமா?

விருதுநகர் எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். நிலக்கடலையைப் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கு பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகிறது. அதில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் உண்டு. "இதைப் பொடித்துப் பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று எவருக்கும் தோன்றுவது இயல்பே.

எண்ணம் புதிதன்று. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பாலுடன் சேர்த்து 'மில்டோன்' என்னும் பானத்தை உருவாக்கியது. ஆனால் ஆய்வுக்கூடத்தின் துணையோடு செய்வதும், தீவனப் புண்ணாக்கை வீட்டில் கரைப்பதும் ஒன்றல்ல.

காரணம் 1960-இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூசணம் சுரந்த நச்சு இருந்தது. அதற்கு அஃப்லாடாக்சின் என்று பெயரிட்டனர். ஈரம் உலராமல் மூட்டை கட்டிய கடலையில் இப்பூசணம் வளரும். எண்ணெயைப் பிழியும்போது நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. முகர்ந்தோ சுவைத்தோ அறியவும் இயலாது.

ஆகவே சோதனை ஒன்றே வழி. ஒரு மூட்டையில் சில பருப்புகள் மட்டுமே கெட்டிருக்கக்கூடும் என்பதால், பல இடங்களில் மாதிரி எடுத்து, அரைத்து, நன்கு கலந்து, அதில் ஒரு பகுதியைச் சோதிப்பார்கள். பிரித்தெடுத்த சாறு புற ஊதா ஒளியில் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிர்ந்தால் நச்சு உண்டென்று ஐயுறலாம். அதன் அளவைக் கருவிகள் மைக்ரோகிராமில், அதாவது கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், கணக்கிடும்.

நஞ்சேறிய புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அந்நச்சின் மாற்றுருவம் வெளிப்படும். நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோ பாலில் அது 0.5 மைக்ரோகிராமை மிஞ்சலாகாது.

இந்நச்சு கல்லீரலைத் தாக்குவது. நாளடைவில் புற்றுநோயும் விளைவிக்க வல்லது. ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளோருக்கு அந்த ஆபத்து பன்மடங்கு மிகுதி. ஆதலால் நாங்கள் வேண்டுவது இவ்வளவே: தீவனத்துக்கென விற்கும் புண்ணாக்கைச் சத்துமாவிலோ பானத்திலோ சேர்க்காதீர்கள். பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையைப் பொறுக்கி எறியுங்கள். பூத்த புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்காதீர்கள். பிள்ளைக்குப் புரதம் வேண்டுமெனில் நல்ல கடலையை வறுத்துக் கொடுங்கள். பருப்பும் முட்டையும் கொடுங்கள். கல்லீரல் நோயுள்ளவர் உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.