சேர்த்து வைத்த மின்னஞ்சலை இடம் மாற்றலாம்

ஊர் மாறும்போது நாம் என்ன செய்கிறோம்? பெட்டியில் உள்ள பத்திரம், ரசீது, கடிதம் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறோம்.

இன்று பல கடிதங்கள் காகிதத்தில் வருவதில்லை. மின்னஞ்சலாக வருகின்றன. ஐதராபாத் நகரில் அமீர்பேட்டை என்ற பகுதி இருக்கிறது. அங்கே கணினிப் பயிற்சி நிலையங்கள் ஏராளம். பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே படித்து வேலைக்குப் போகிறார்கள். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, வைப்பு நிதிக் கணக்கு எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன.

கம்பெனி கொடுத்த முகவரியில் இவை வந்திருக்கலாம். வேலையை விட்டதும் அந்த முகவரி மூடப்படும். பிறகு கடன் கேட்டு வங்கிக்குப் போனால் பழைய சம்பளச் சீட்டு இருக்காது. ஆகவே, நமக்கு உரிய கடிதங்களை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். கம்பெனியின் கடிதங்களை அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது.

கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, மின்னஞ்சல் நிறுவனத்தின் பெரிய கணினி. இதற்கு சர்வர் என்று பெயர். மற்றொன்று, நம் சொந்தக் கணினி. நம் கணினியில் மட்டும் இருந்தால், அது பழுதானால் கடிதங்களும் போய்விடும்.

எப்படி மாற்றுவது?

அவுட்லுக், தண்டர்பேர்ட் ஆகியவை மின்னஞ்சல் படிக்க உதவும் மென்பொருள்கள். ஒவ்வொன்றும் கடிதங்களைத் தன் முறையில் சேர்த்து வைக்கிறது. ஒரு கடைக்காரர் தனக்கு மட்டும் புரியும்படி கணக்கு எழுதினால், அடுத்தவருக்கு அது புரியுமா? இங்கேயும் அதே சிக்கல்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் ஒரே மென்பொருளில் திறக்க வேண்டும். ஐமேப் என்ற முறையில் திறந்தால், இங்கிருந்து அங்கே கடிதங்களை நகல் எடுக்கலாம்.

இரண்டாம் வழி: எம்பாக்ஸ் என்ற பொதுவான கோப்பு. இதில் எல்லாக் கடிதங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பல மென்பொருள்கள் இதைப் படிக்கும். ஜிமெயில் கடிதங்களை கூகுள் டேக்அவுட் மூலம் இப்படிப் பெறலாம்.

12 லட்சம் பேர் மாறினார்கள்

மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலை தேசிய தகவலியல் மையம் கவனிக்கிறது. அதன் பெரிய தரவு மையங்களில் ஒன்று ஐதராபாத்தில் உள்ளது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. 2025 அக்டோபரில் இந்தச் செய்தி வெளிவந்தது. மென்பொருள் மாறியது. ஊழியர்களின் முகவரி மாறவில்லை.

நினைவில் வையுங்கள்

நகல் எடுத்ததும் பழையதை அழிக்காதீர்கள். புதிய இடத்தில் பத்துக் கடிதங்களையாவது திறந்து பாருங்கள். கடிதத்தோடு வந்த படமும் ஆவணமும் திறக்கின்றனவா? எண்ணிக்கை சரியாக இருக்கிறதா? சரிபார்த்த பிறகே பழையதை விடுங்கள்.

உதவி செய்ய வருபவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

ஜிமெயில் கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் கூகுள் அதை அழித்துவிடலாம். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. உங்கள் வீட்டில் அப்படி மறந்துபோன கணக்கு இருக்கிறதா? இன்றே திறந்து பாருங்கள்.