காலாஸ் வழக்கு: வதந்தியும் நீதியும்
துலூஸ், பிரான்ஸ் | 1761–1765

ஜவுளி வணிகர் ழான் காலாஸ் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் கடை நடத்தினார். குடும்பம் மாடியில் வசித்தது. 1761 அக்டோபர் 13 இரவு அவருடைய மூத்த மகன் மார்க்-ஆந்துவான் கடைக்குள் இறந்து கிடந்தார். கத்தோலிக்கராக மாறவிருந்த மகனைப் புராட்டஸ்டண்ட் தந்தையே கொன்றுவிட்டார் என்று தெருவில் கிளம்பிய பேச்சு, நீதிமன்றம் வரை போனது.

மரணத்தை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. காதில் விழுந்த பேச்சையெல்லாம் சாட்சியமாகத் திரட்டி, துலூஸ் உயர் நீதிமன்றம் காலாஸுக்கு மரண தண்டனை விதித்தது. 1762 மார்ச் 10 அன்று அவருடைய கைகால்களை இழுத்தும், வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தும் வதைத்தார்கள். அறுபது வயதைக் கடந்த காலாஸ், தாம் குற்றமற்றவர் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எலும்புகளை முறித்துச் சக்கரத்தில் கிடத்திக் கொன்றார்கள்.

தத்துவ அறிஞர் வோல்த்தேர் இந்த வழக்கைக் கையில் எடுத்தார். ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுக் கடிதங்கள் எழுதினார். 1763இல் மதச் சகிப்புத்தன்மை குறித்து நூல் வெளியிட்டார். 1765 மார்ச் 9 அன்று பாரிஸ் நீதிபதிகள் காலாஸ் நிரபராதி எனத் தீர்ப்பளித்தனர்.

சித்திரவதை உண்மையை வெளிக்கொணராது, உடல் வலுவையே சோதிக்கும் என்று மிலானைச் சேர்ந்த சிந்தனையாளர் பெக்காரியா 1764இல் வாதிட்டார். இத்தகைய சிந்தனைகள் சட்டங்களையும் மாற்றின.

1780: குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் சித்திரவதையைப் பிரான்ஸ் ஒழித்தது.
1786: டஸ்கனி மரண தண்டனையை நீக்கியது.
1787: பிரான்ஸின் புராட்டஸ்டண்டுகளுடைய திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.
1789: குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே எனப் பிரான்ஸின் மனித உரிமைப் பிரகடனம் அறிவித்தது.

இன்று பல நாடுகளின் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் இந்த உரிமை உண்டு.