குத்னும் காட்டனும்

பருத்திச் சேலை என்று கேட்டு வாங்குவோர் இன்று அருகிவிட்டனர். குஜிலியம்பாறைக் கடைத்தெருவிலும் 'காட்டன் சேலை' என்பதே வழக்கு. சுற்றுவட்டாரத்திலிருந்து வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். பஞ்சு அவர்களுக்கு அன்றாடப் பொருள். அதன் ஆங்கிலப் பெயரோ ஆங்கிலேயருடையது அன்று.

அரபியில் பருத்திக்குக் 'குத்ன்' என்று பெயர். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதனைத் தத்தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். பிரெஞ்சு வழியே அது பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. ஸ்பானியரோ 'அல்கொதோன்' என்று, அரபியின் 'அல்' என்னும் முன்னொட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர். அந்தலூஸில் முஸ்லிம்கள் பருத்தி பயிரிட்ட காலத்தின் சுவடு அது. ஜெர்மானியரோ பருத்தியை இன்றளவும் 'மரக்கம்பளி' என்ற பொருளிலேயே குறிக்கின்றனர். இந்தியாவில் மரங்கள் கம்பளி காய்க்கின்றன என்று ஹெரடோட்டஸ் எழுதிவைத்த வியப்பு அச்சொல்லில் இன்னும் உறைந்து கிடக்கிறது.

ஹதீஸில் பருத்திக்கு வேறொரு சொல்லும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யமன் நாட்டு வெண்ணிறப் பருத்தித் துணிகள் மூன்றினால் கஃபனிடப்பட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அங்கு வருவது 'குர்ஸுஃப்' என்னும் சொல். 'குத்ன்' தொழிற்பெயர்களில் வாழ்கிறது. ஹிஜ்ரி 198இல் மறைந்த ஹதீஸ் திறனாய்வு மேதை யஹ்யா இப்னு ஸயீத் அவர்களின் பட்டப்பெயர் 'அல்கத்தான்'; பருத்தி வணிகர் என்பது அதன் பொருள். கி.பி. 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட மன்சூருக்கு வழங்கும் 'ஹல்லாஜ்' என்பதற்குப் பஞ்சு கொட்டுபவர் என்பது பொருள். தமிழக முஸ்லிம் பிரிவுகளின் அரசுப் பட்டியலில் உள்ள 'தூதேகுலா' என்னும் பெயரும் தெலுங்கில் இத்தொழிலையே சுட்டுகிறது.

ஆங்கிலத்திற்குள் நுழைந்த பின் இச்சொல் பல வேடிக்கைகளைக் கண்டது. பதினாறாம் நூற்றாண்டில் 'மான்செஸ்டர் காட்டன்' என்று விற்கப்பட்டது உண்மையில் கம்பளித் துணி! நம் பஞ்சுமிட்டாய்க்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'காட்டன் கேண்டி'. இதில் 'கேண்டி' என்பதும் 'கந்து' என்ற அரபிச் சொல்வழி வந்ததே. அச்சொல்லோ இந்திய மண்ணிலிருந்து அரபிக்குச் சென்றது.

வேடிக்கையாகக் கொள்ள இயலாத வழக்கு ஒன்றும் உண்டு. நாளிதழ்களில் 'காட்டன் சூதாட்டம்: இருவர் கைது' என்னும் செய்தியைப் படித்திருப்பீர்கள். சூதுக்கும் பருத்திக்கும் என்ன தொடர்பு? நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியே பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தன. அவ்விலைகளின் எண்கள் மீது பம்பாயில் பணயம் கட்டினர். 1960களில் அவ்வழி அடைபட்ட பின்னர், பானையிலிருந்து எண் சீட்டெடுக்கும் 'மட்கா'வாக ஆட்டம் உருமாறியது. பருத்தி போய்விட்டது, பெயர் மட்டும் எஞ்சியது. இதில் காசு கட்டுவோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். வீட்டு அரிசிக்கான பணமே ஒரு எண்ணில் கரைகிறது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் 'மைஸிர்' என்று தடுப்பது இதனையே. உழைப்பின்றி எளிதில் வரும் பொருள் என்பதால், எளிமையைக் குறிக்கும் 'யுஸ்ர்' என்னும் சொல்லோடு அதனை இணைத்து அகராதி அறிஞர் விளக்குவர். நம் ஜும்ஆ மேடைகளில் 'மைஸிர்' என்ற அரபிச் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. கேட்டு அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளியோ அது தன் சட்டைப்பையிலுள்ள சீட்டைக் குறிப்பதாக உணர்வதில்லை. கதீப்மார்கள் அவ்விடத்தில் 'காட்டன்' என்ற சொல்லையே எடுத்துச் சொன்னால், பின்வரிசையில் இருப்பவருக்கும் விளங்கும்.