கல் ஈயும் கட்டும் ஈயும்

தூண்டில் என்றவுடன் மண்புழுவும் தக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. புழு எதுவும் கோக்காமல், வெறும் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றி, அதை ஈ என்று மீனை நம்பவைக்கும் கலை ஒன்று உண்டு என்றால் நண்பர்கள் பலர் வியக்கக்கூடும். 1496ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான மீன்பிடி நூல் ஒன்று இத்தகைய 12 ஈக்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கல் ஈ. நீரில் மிதக்கும் கல் ஈ ஒன்றைக் கட்டும் வகையை இங்கே காண்போம்.

இக்கலை நமக்கு எதற்கு? கோலார் தங்கவயலிலிருந்து வந்த தோழர்கள் ஏரிக் கெண்டையையும் கெளுத்தியையும் அறிவார்கள். குளிர்ந்த ஓடையில் வாழும் டிரவுட் மீன் அங்கே இல்லை. ஆனால் நீலகிரியில் உண்டு. பிரான்சிஸ் டே என்பார் 1863இல் அதை அங்குக் குடியேற்ற முயன்று தோற்றார். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய வானவில் டிரவுட்டைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அம்மலை ஓடைகளில் நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

ஈயைக் கட்டுமுன் ஈயை அறிதல் வேண்டும். கல் ஈயின் இளம்பருவம் நீருக்குள், கற்களின் அடியில் கழிகிறது. வளர்ந்தபின் அது கல்லின்மேல் ஊர்ந்து ஏறி, தோலுரித்து, சிறகு பெறுகிறது. அதற்கு வால் இழைகள் இரண்டு, உணர்கொம்புகள் இரண்டு, சிறகுகள் நான்கு. ஓய்ந்திருக்கையில் சிறகுகள் முதுகின்மேல் தட்டையாக மடிந்து கிடக்கும். முட்டையிட வரும் பெண் ஈ நீர்ப்பரப்பில் விழுந்து படபடக்கும்போது டிரவுட் எழுந்து கவ்வுகிறது. நாம் கட்டப் போவது அந்த ஈயைத்தான்.

முதலில் நீண்ட தண்டுடைய தூண்டில் முள்ளைச் சிறு வைஸில் இறுக்கி, மெழுகு பூசிய நூலைக் காதிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுக. வளைவருகே தூரிகை மயிர் இரண்டை வால்களாக, கவை போல் விரியும்படி கட்டுக.

உடலுக்கு மஞ்சள் நிற ஃபோம் தகடு ஏற்றது. தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு வகை உதவாது. காற்றறைகள் மூடிய வகையே மிதக்கும். அதில் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, வாலருகே கட்டி, முன்னோக்கிப் படியவைத்துச் சிறு இடைவெளி விட்டு நூலால் அழுத்திக்கொண்டே வருக. ஒவ்வோர் அழுத்தமும் ஒரு கணுவாகத் தோன்றும். முள்ளின் பாதியைத் தாண்டியதும் நிறுத்தி, எஞ்சிய பட்டையைத் தலைக்காக விட்டுவைக்க. முதுகுக்கு மட்டும் பழுப்பு மை தீட்டுக.

சிறகுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை நீண்ட இலை வடிவில் வெட்டி, நரம்புகளைப் பேனாவால் வரைந்து, உடலைவிடச் சற்றே நீளுமாறு முதுகின்மேல் தட்டையாகக் கட்டுக. சிறகு நிமிர்ந்து நின்றால் அது வேறு பூச்சியாகிவிடும். பக்கத்துக்கு மூன்றாக ஆறு ரப்பர் இழைகளை, முழங்கால் போல் நடுவில் முடிச்சிட்டுக் கால்களாக்குக. அவ்விடத்திலேயே சேவலின் கழுத்திறகு ஒன்றை நான்கைந்து சுற்றுச் சுற்றுக. அதன் மயிர்கள் எடையைப் பரப்பி வைப்பதால் நீர்ப்பரப்பின் மெல்லிய இழுவிசை கிழியாது. முடிவில் உணர்கொம்புகளாக இரு மயிர்களைக் கட்டி, எஞ்சிய பட்டையை மடக்கித் தலையாக்கி, நூலை முடிச்சிட்டு, ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் ஈ ஆயத்தம்.

இனிச் சோதனை. கண்ணாடிக் குவளை நீரில் அதை மிதக்கவிட்டுக் கீழிருந்து பாருங்கள். மீன் பார்ப்பது அப்படித்தானே! நாம் மெச்சும் முதுகை அது காண்பதில்லை. வயிற்றின் நிறமும் கால்களின் விரிவுமே அதை ஏமாற்றுபவை.

இறகைப் பற்றி ஒரு சொல். ஈ கட்டுவோர் சாம்பல் காட்டுக்கோழியின் புள்ளியிட்ட கழுத்திறகை நெடுங்காலம் விரும்பி வாங்கினர். தென்னிந்தியக் காடுகளுக்குரிய அப்பறவையை வேட்டையாடுவது இன்று சட்டப்படி குற்றம். நமக்கு வீட்டுச் சேவலின் இறகே போதும்.

கட்டும் ஈயை எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். உயிருள்ள கல் ஈயைச் செய்ய முடியுமா? அதன் இளம்பருவத்துக்கு உயிர்வளி மிகுந்த நீர் தேவை. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. கரைமரங்கள் அழிந்து நீர் சூடேறினாலும், சாக்கடையோ பூச்சி மருந்தோ கலந்தாலும் முதலில் மறையும் உயிர்களுள் கல் ஈயும் ஒன்று. அதனால்தான் ஓடையின் தூய்மையை அளப்போர் அதைத் தேடுகிறார்கள்.

தங்கவயலில் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் இன்றும் நிற்கின்றன. மண் கெட்டதைக் காட்ட அங்கே மேடுகளாவது உண்டு. ஓடை கெட்டதையோ கல் ஈயின் மறைவுதான் காட்டும். தேடிப் பார்ப்பவருக்கே அது தெரியும். ஆகவே தோழர்களே, மலை ஓடைக்குச் சென்றால் தூண்டிலை வீசுமுன் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். இரட்டை வாலுடன் ஒன்று ஊர்ந்தால் மகிழுங்கள். பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்; அது அதன் வீடு.